அவர்கள் இல்லாத அறையில்

(பெருமித மாதமான ஜூனில், பிரைடு கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து பேசினார்கள். நான் தன்பாலீர்ப்பாளர் அல்ல, திருநரும் அல்ல. அதனால் அவர்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. ஆனால், "எங்களுக்கு இவர்கள்மேல் எந்த வெறுப்பும் கிடையாது" என்ற நல்ல மனத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேராவது இருப்பீர்கள். என் பேச்சு உங்களோடுதான். மற்றவர்கள் கேட்டுவிட்டு எனக்கு மதிப்பெண் போடலாம்.

வெறுப்பு இல்லை என்பது மகிழ்ச்சி. ஆனால் திருடாதவர் எல்லாம் கொடையாளி ஆகிவிடுவதில்லை. வெறுக்காமல் இருப்பதற்கு ஒரு செலவும் கிடையாது. துணை நிற்பதற்கு உண்டு, ஏனென்றால் அது ஒரு வேலை. அந்த வேலையில் பெரும்பகுதி, இன்று இருப்பதைப் போல கொடியும் இசையும் நிறைந்த இடத்தில் நடப்பதில்லை. அவர்கள் இல்லாத அறைகளில் நடக்கிறது. ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசும் அறை. வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் பிரிக்கும் மேசை. குடும்பத்துப் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் கூடம். அங்கே அவர்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். நாம் இருப்போம். அப்போது வாய் திறந்தோமா, இல்லையா என்பதுதான் கணக்கு.

அந்த அறைகளுக்குள் போவதற்கு முன், அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியை முடித்துவிடுகிறேன். "உரிமை கேட்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதற்காகப் பேரணியில் இந்த ஆட்டம் பாட்டம், வண்ண வண்ண உடைகள், மேளதாளம் எல்லாம் எதற்கு? அமைதியாக, மரியாதையாகக் கேட்டால் ஆகாதா?"

கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் கேட்டுப் பார்த்தார்கள். 1965-இல் தொடங்கி 1969 வரை, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான மண்டபத்தின் வாசலில் ஒரு சிறு கூட்டம் நின்றது. ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும். பெண்கள் பாவாடையோ கவுனோ அணிய வேண்டும். கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சுற்றி நடக்க வேண்டும். முழக்கம் கூடாது. இந்த ஒழுங்கை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் காமனி. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர். ராணுவத்தின் வரைபடத் துறையில் வேலை பார்த்தவரை, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக 1957-இல் வெளியே அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார், அவருடைய மனுவை அது விசாரணைக்கே எடுக்கவில்லை. அரசு நம்மை வேலைக்கு எடுக்க வேண்டும் என்றால், வேலைக்கு எடுக்கத் தகுந்தவர்களைப் போல நாம் தோன்ற வேண்டும் என்பது அவருடைய வாதம். பிழைப்பைப் பறிகொடுத்தவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

1969-ஆம் ஆண்டு ஜூலை 4. அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. காமனி ஓடிவந்து கைகளைப் பிரித்துவிட்டார். இப்படியெல்லாம் செய்யக் கூடாது என்றார். மரியாதையாகக் கேட்பது என்பதன் உள்ளே எப்படிப்பட்ட நிபந்தனை ஒளிந்திருந்தது என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று. நீங்கள் யாராக இருப்பதற்காகப் போராடுகிறீர்களோ, போராடும் நேரத்தில்கூட அவராக இருக்கக் கூடாது.

அதே வரிசையில் கிரெய்க் ராட்வெல் என்ற இளைஞர் இருந்தார். நியூயார்க்கில் புத்தகக் கடை நடத்தியவர். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் ஆறு நாட்களுக்கு முன்புதான், ஜூன் 28 அதிகாலையில், நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் இருந்த ஸ்டோன்வால் இன் என்ற மதுக்கூடத்தில் போலீசார் வழக்கம்போலச் சோதனைக்கு நுழைந்திருந்தார்கள். அங்கிருந்தவர்கள் வழக்கம்போலத் தலைகுனிந்து வண்டியில் ஏறவில்லை. எதிர்த்து நின்றார்கள். பல இரவுகள் அந்தத் தெரு கொந்தளித்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவரால், இங்கே இரண்டு பேர் கைகோத்ததற்கு வந்த கண்டிப்பைத் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ராட்வெல்லும் நண்பர்களும் ஒரு மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சியை நியூயார்க்குக்கு மாற்றுவது, ஜூன் கடைசியில் நடத்துவது, உடைக்கும் வயதுக்கும் எந்தக் கட்டுப்பாடும் வைக்காமல் இருப்பது. 1970 ஜூன் 28 அன்று அந்த ஊர்வலம் கிரீனிச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை நடந்தது. இன்றைய பிரைடு பேரணிகளுக்கெல்லாம் மூலம் அதுதான்.

ஆகவே அந்த வண்ண உடைகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. உடைக் கட்டுப்பாட்டை உதறிவிட்டு நடப்பது என்பது அந்த ஊர்வலத்தைத் தொடங்கிவைத்த தீர்மானத்திலேயே இருந்தது. கொண்டாட்டம் போராட்டத்தின்மேல் பின்னால் ஒட்டப்பட்ட அலங்காரம் அல்ல. (வானவில் கொடி மட்டும் பின்னால் வந்தது. 1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் கையால் சாயம் தோய்த்துச் செய்தார்கள். முதலில் எட்டு நிறங்கள். அடர் இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காததால் ஒன்று போயிற்று, இன்னொன்று அதன்பின் போயிற்று. ஆறில் நின்றது.)

இன்றும் உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே பாலினத்தவரிடையிலான உறவு குற்றம். சிலவற்றில் மரண தண்டனை வரை போகிறது. இந்தச் சட்டங்களில் பல, பிரித்தானியப் பேரரசு எழுதி விட்டுப்போனவை. எழுதியவர்களின் இங்கிலாந்தில் 1967-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்ட இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேரணி இல்லாமல் இவையெல்லாம் தாமாக நடந்திருக்கும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வாதம் செய்யத் தெரியவில்லை.

சரி, துணை நிற்பவர்களிடம் வருவோம்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் மேன்ஃபோர்டு என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். அதிர்ந்து பேசாதவர், மேடை ஏறியவர் அல்லர். அவருடைய மகன் மோர்ட்டி தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வேலை செய்தவர். 1972 ஏப்ரலில், அரசியல் பிரமுகர்களும் பத்திரிகையாளர்களும் கலந்துகொண்ட ஒரு விருந்தில் துண்டறிக்கை கொடுக்கப் போன இடத்தில் அவரை அடித்து உதைத்தார்கள். போலீசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாய் என்ன செய்தார்? ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தன் மகன் தன்பாலீர்ப்பாளர் என்றும், அவனை நேசிப்பதாகவும் தன் பெயரைப் போட்டு எழுதினார். 1972-இல் பள்ளி ஆசிரியை ஒருவர் இப்படி எழுதுவது என்றால், மறுநாள் பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர் அறையில் ஒவ்வொரு முகத்தையும் எதிர்கொண்டாக வேண்டும் என்று பொருள். மகன் இல்லாத அறை அது.

அந்த ஜூன் மாதம் மகன் ஊர்வலத்துக்கு அழைத்தார். வருகிறேன், ஆனால் கையில் ஓர் அட்டை பிடித்துக்கொள்வேன் என்றார் தாய். தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுசேருங்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. இருவரும் நடக்க, இருபுறமும் நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கைதட்டல் அவருக்கு என்றுதான் மேன்ஃபோர்டு நினைத்துக்கொண்டார். பிறகு பார்த்தால், இளைஞர்கள் சாலைக்குள் ஓடிவந்து அந்த அம்மாளைக் கட்டிப்பிடிக்கிறார்கள், முத்தமிடுகிறார்கள், அழுகிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றேதான்: என் அம்மாவிடம் நீங்கள் பேசுவீர்களா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "எனக்காக அழுங்கள்" என்று யாரும் கேட்கவில்லை. "என்னைப் புரிந்துகொள்ளுங்கள்" என்றுகூடக் கேட்கவில்லை. தங்களால் நுழைய முடியாத ஒரு வீட்டுக்குள், தங்கள் சொல் ஏறாத ஒரு காதுக்குப் பக்கத்தில், இவரைப் போய் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மாளும் அதையே செய்தார். 1973 மார்ச்சில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் பெற்றோர்களைக் கூட்டினார். வந்தவர்கள் சுமார் இருபது பேர். பெற்றோர் பெற்றோரிடம் பேசுவது என்ற அந்த ஏற்பாடு வளர்ந்து பிஃப்லாக் என்ற பெரிய அமைப்பாயிற்று.

இன்னொருவர், ஈவ்லின் ஹூக்கர். உளவியலாளர், லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்தவர். சாம் ஃபிரம் என்ற முன்னாள் மாணவர் அவரைத் தன் நண்பர் வட்டத்துக்கு அறிமுகப்படுத்தினார். பழகிய பிறகு ஒருநாள், எங்களைப் போன்றவர்களை ஆராய்வது உங்கள் அறிவியல் கடமை என்றார். அப்போது தன்பாலீர்ப்பு என்பது மனநோய்ப் பட்டியலில் இருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள். சிறையில் போய்ப் பார்த்தால் யாரைப் பற்றியும் அப்படித்தான் எழுத வரும்.

ஹூக்கர் முப்பது தன்பாலீர்ப்பு ஆண்களையும் முப்பது எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் தேர்ந்தெடுத்தார். யாரும் சிகிச்சையில் இருப்பவர்கள் அல்ல. ஆட்சியாளர்களின் கண்காணிப்பும் வேலைநீக்கமும் உச்சத்தில் இருந்த காலம் என்பதால், வந்து போகிறவர்கள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று சோதனைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மைக்கறை போன்ற படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உட்பட மூன்று சோதனைகள். முடிவுகளில் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, அந்தத் துறையின் கைதேர்ந்த நிபுணர்களிடம் கொடுத்தார். இதில் யார் தன்பாலீர்ப்பாளர், கண்டுபிடியுங்கள். அவர்களால் முடியவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே அளவு சரியாகத்தான் வந்திருக்கும். 1957-இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தெருவில் நின்று போராடியவர்கள் பலர், அவர்களில் காமனியும் ஒருவர். ஆனால் மருத்துவர்களின் அறைக்குள், மருத்துவர்களின் மொழியில், மறுக்க முடியாத தாளாகப் போய் உட்கார்ந்தது ஹூக்கரின் ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் அதே முடிவுக்கு வர 1990 மே 17 வரை எடுத்துக்கொண்டது.

ஹூக்கர் கொடி பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலைச் சரியாகச் செய்தார். நம்மில் கணக்கர் இருக்கலாம், செவிலியர் இருக்கலாம், விண்ணப்பப் படிவம் தயாரிப்பவர் இருக்கலாம். அந்தப் படிவத்தில் பாலினத்துக்கு எத்தனை கட்டங்கள் வைப்பது என்று முடிவுசெய்கிற ஐந்து நிமிடத்தில் நீங்கள் செய்யக்கூடியதை, ஓராண்டு முழுக்க வானவில் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டாலும் செய்ய முடியாது. ஜூன் முதல் தேதி நிறம் மாறி, ஜூலை முதல் தேதி பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும் நிறுவனச் சின்னங்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் திருநர் ஊழியருக்கு எந்தக் கழிப்பறையைக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள், போதும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று வேண்டும் என்றால், சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த புகாரின்பேரில் போலீசார் துரத்துவதிலிருந்து பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்டார்கள். விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் தனக்குப் பாடம் எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். தீர்ப்பைத் தலையிலிருந்து அல்ல, மனத்திலிருந்து எழுத வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கற்றுக்கொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். பாலீர்ப்பை மருத்துவத்தால் "மாற்றுகிறேன்" என்று கிளம்புவதைத் தடைசெய்தார். போலீசாருக்கும் நீதித்துறைக்கும் கல்வி நிலையங்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்றார். அறியாமையைக் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்றும் எழுதினார்.

எனக்கு இதில் பிடித்தது தீர்ப்பைவிட அதற்கு முந்தைய பகுதி. நீதிபதி நாற்காலியில் இருப்பவர் எதிரே நிற்கும் இரண்டு பெண்களையே "எனக்குப் புரியவையுங்கள்" என்று கேட்டிருக்கலாம். நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். வேலையிடத்தில் ஒரே ஒரு திருநங்கை இருந்தால், உலகத்தில் உள்ள சந்தேகங்களை எல்லாம் அவரிடம்தான் கேட்டுத் தீர்த்துக்கொள்வோம். அவர் மதிய உணவைச் சாப்பிட வந்திருப்பார், பாவம். கற்றுக்கொள்வது நம் செலவில், நம் நேரத்தில் நடக்க வேண்டும்.

இனி நடைமுறை. ஒருவர் உங்களிடம் வந்து, தான் யார் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பல வாரங்கள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பார். உங்கள் முகத்தின் முதல் அசைவைப் படித்துக்கொண்டிருப்பார். "உறுதியாகத் தெரியுமா?", "பார்த்தால் தெரியவே இல்லையே", "எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது" என்ற மூன்றும் வேண்டாம். மூன்றாவதை நாம் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறோம். இத்தனை நாள் ஒளித்ததெல்லாம் வீண் என்று அவர் காதில் விழும். என்னிடம் சொன்னதற்கு நன்றி என்று சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி, மிக முக்கியமான கேள்வி: இது வேறு யாருக்கெல்லாம் தெரியும்? ஏனென்றால் அன்று மாலை நீங்கள் மகிழ்ச்சி மிகுதியால் இன்னொருவரிடம் சொல்லும் ஒரு சொல்லால் அவர் வீட்டை இழக்கலாம், வேலையை இழக்கலாம். அந்தச் செய்தி அவருடைய சொத்து. உங்களிடம் பாதுகாப்புக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெயர் மாற்றிக்கொண்டவரை அந்தப் பெயரில் அழையுங்கள். முக்கியமாக, அவர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பெயரையே சொல்லுங்கள். தவறிப் பழைய பெயர் வந்துவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

கேலிப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். சொற்போர் நடத்த வேண்டாம். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது, எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விளக்கத் தொடங்கினால் அந்த நகைச்சுவை செத்துவிடும். கேலி செய்தவர் உங்களைவிட மூத்தவர், மேலதிகாரி, மாமனார் என்றால் இது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். செலவு என்று முதலில் நான் சொன்னது இதைத்தான்.

கடைசியாக, பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லண்டனில் மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இருவர் தொடங்கிய தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று வாளி ஏந்திப் பணம் திரட்டி, தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அனுப்பியது. அனுப்பியவர்களையும் பெற்றுக்கொண்டவர்களையும் ஒரே மேசையில் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். ஆனால் போய் வந்தார்கள், அவர்கள் வீடுகளில் தங்கினார்கள், நட்பானார்கள். 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. சுரங்கத் தொழிலாளர்களிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அந்த ஜூனில் லண்டன் பிரைடு பேரணிக்குத் தங்கள் சங்கப் பதாகைகளோடு பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, பேரணியின் முன்னால் நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியது. அதற்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் கிடைத்தன. பேரணியில் நடந்ததைவிட அந்த வாக்குகள்தான் கனமானவை என்பது என் கருத்து. அது நடந்த அறையில் வானவில் கொடி இருந்திருக்காது.

நாளைய பேரணிக்கு வருகிறவர்களுக்குச் சில விவரங்கள். அழைத்தால் தவிர முன்வரிசைக்குப் போக வேண்டாம். தண்ணீர் எடுத்துவாருங்கள், கூடுதலாகவே எடுத்துவாருங்கள். வழியில் யாராவது வம்புக்கு வந்தால், வம்புக்கு வருபவருக்கும் நடப்பவருக்கும் நடுவில் நின்றுகொள்ளுங்கள். பதில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், படம். அனுமதி கேட்காமல் யார் முகத்தையும் எடுக்காதீர்கள். அனுமதி கொடுத்தாலும், பொதுவில் பகிரலாமா என்று தனியாகக் கேளுங்கள். முகமூடி அணிந்து வருபவர்கள் அலங்காரத்துக்காக மட்டும் அணிந்து வருவதில்லை. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், ஒலிவாங்கி பின்வரிசையில் இருக்கிறது.